ரெய்டு-1ல் ஒரு டிஸ்க் கழன்றுவிட்டது, ஸ்மார்ட் சோதனையோ 'பாஸ்' என்கிறது: திரும்பச் சேர்க்கலாமா, மாற்றியே ஆக வேண்டுமா?

கேட்பவர்: நெடுநல்கணினி

வணக்கம். டெபியன் 12 சர்வர், யூஇஎஃப்ஐ பூட், 4 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் இரண்டு (எஸ்டிஏ, எஸ்டிபி). இரண்டையும் ஒரே மாதிரி பிரித்திருக்கிறேன். முதல் பார்ட்டிஷன் 512 எம்பி இஎஸ்பி (பூட் லோடர் இருக்கும் இடம்), இரண்டாவது 8 ஜிபி, மீதி முழுவதும் மூன்றாவது. இரண்டாவது ஜோடி எம்டி0, அதில் ஸ்வாப். மூன்றாவது ஜோடி எம்டி1, அதில் ரூட், இஎக்ஸ்டி4. எல்லாம் எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) வழியாகச் செய்த ரெய்டு-1, அதாவது ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும். மெட்டாடேட்டா 1.2, எம்டி1ல் இன்டர்னல் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) உண்டு.

/ப்ராக்/எம்டிஸ்டாட் இப்போது எம்டி1க்கு [2/1] [யூ_] என்று காட்டுகிறது, அதாவது இரண்டில் ஒரு டிஸ்க்தான் ஓடுகிறது. ரீபூட்டுக்கு முன் எஸ்டிபி3 பக்கத்தில் (எஃப்), அதாவது ஃபெயில்டு. லாக்கைப் பார்த்தால் இது நடந்து 11 நாள் ஆகிறது. 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்ற வரி நான்கைந்து முறை, பிறகு 'டிஸ்க் ஃபெயிலியர்'. ரீபூட் செய்ததும் எஸ்டிபி சாதாரணமாகத் தெரிகிறது. ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) மொத்த முடிவு 'பாஸ்டு'. எண் 5 (ரீஅலொகேட்டட், மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்) 0, எண் 197 (கரன்ட் பெண்டிங், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்) 8, எண் 199 (சிஆர்சி, கேபிள் வழிப் பிழை) 0.

1. இந்த டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கலாமா?
2. அரேயை '--கிரியேட் --அஸ்யூம்-கிளீன்' போட்டு மறுபடி உருவாக்கச் சொல்கிறார் ஒருவர். சரியா?
3. எஸ்டிஏ கேபிளைக் கழற்றிவிட்டால் சர்வர் பூட்டே ஆகவில்லை. ரெய்டு இருந்தும் ஏன்?
4. போன மாதச் சோதனைக்குப் பிறகு எம்டி0ல் மிஸ்மேட்ச் கவுண்ட் (இரு நகலும் வேறுபடும் அளவு) 256. எம்டி1ல் 0. பயப்பட வேண்டுமா?

---

பதில் 1: இரும்புப்பெட்டி

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் டேட்டா போகும். ஏற்கனவே உள்ள அரே மீது '--கிரியேட்' போடாதீர்கள். எம்டி1 இப்போதும் ஒரு காலில் ஓடிக்கொண்டிருக்கிறது, உருவாக்க அங்கே எதுவும் இல்லை. தவிர, 1.2 மெட்டாடேட்டாவில் சூப்பர்பிளாக் (அரே பற்றிய விவரக் குறிப்பு) பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்காரும். ஃபைல் சிஸ்டம் அதற்கும் பிறகு, 'டேட்டா ஆஃப்செட்' சொல்லும் இடத்தில்தான் தொடங்கும். இந்த ஆஃப்செட் எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பழைய அரேக்களில் 2048 செக்டர், பிறகு வந்தவற்றில் 262144, இன்னும் புதியவற்றில் 264192. வேறு பதிப்பில் கிரியேட் செய்தால் ஃபைல் சிஸ்டத்தின் தலை தவறான இடத்தில் தேடப்படும், மவுன்ட் ஆகாது. போதாததற்கு, 'அஸ்யூம்-கிளீன்' என்றால் 11 நாள் பழசான எஸ்டிபியும் எஸ்டிஏவும் ஒன்றுதான் என்று கர்னலிடம் பொய் சொல்வது. ஒரு பிளாக் புதிதாகவும் அடுத்தது பழசாகவும் கலந்து படிக்கப்படும்.

இனி முதல் கேள்வி. சிஆர்சி எண்ணிக்கை 0, ஆகவே கேபிள் மேல் சந்தேகம் குறைவு. பெண்டிங் 8 என்பது 512 பைட் கணக்கில். 4 கேபி பிசிக்கல் செக்டர் உள்ள டிஸ்க்கில் அது பெரும்பாலும் ஒரே ஒரு கெட்ட இடம். ஓர் இடம் படிக்க முடியாமல் போனதற்கு முழு டிஸ்க்கும் ஏன் வெளியே போனது? இரண்டு டைம்அவுட்கள் மோதியதுதான் காரணம்.

கர்னல் ஒரு கமாண்டுக்கு 30 விநாடிதான் காத்திருக்கும். வீட்டு உபயோக டிஸ்க் கெட்ட செக்டரை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், இரண்டு நிமிடம்கூட ஆகலாம். 30 விநாடி கடந்ததும் கர்னல் லிங்க்கை ரீசெட் செய்கிறது. டிஸ்க் இன்னும் தன் முயற்சியிலேயே மூழ்கியிருப்பதால் பதில் வராது. சில ரீசெட்டுக்குப் பிறகு கர்னல் டிஸ்க்கையே கைவிடுகிறது. அடுத்து எம்டி எழுதப் போகும் எதுவும் தோற்கும், எழுத முடியாத உறுப்பை எம்டி உடனே வெளியேற்றிவிடும். நீங்கள் பார்த்த லாக் வரிகள் இதே வரிசைதான்.

டிஸ்க் 7 விநாடியில் 'முடியவில்லை' என்று சொல்லியிருந்தால் கதை வேறு. எம்டி அந்த பிளாக்கை எஸ்டிஏவிலிருந்து படித்து, எஸ்டிபியில் அதே இடத்தில் எழுதும். எழுதும்போது டிஸ்க் தானாகவே மாற்று செக்டர் ஒதுக்கும், அல்லது அதே இடம் சரியாகிவிடும். அரே உடையாது. ரெய்டு-1 நமக்குச் செய்ய வேண்டிய வேலையே இதுதான், அதைச் செய்யவிடாமல் தடுப்பது இந்த 30 விநாடி.

செய்யும் வரிசை:

அ) முதலில் பேக்கப். இப்போது உங்கள் டேட்டா எஸ்டிஏ ஒன்றில்தான் இருக்கிறது, அதையும் முழுக்கப் படித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ.

ஆ) இரண்டு டிஸ்க்கிலும் 'ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70' கொடுங்கள். கெட்ட செக்டரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்ற எல்லை இது. அலகு 100 மில்லிவிநாடி, ஆக 70 என்றால் 7 விநாடி. படிக்க ஒன்று, எழுத ஒன்று.

இ) எஸ்டிஏ மேல் 'ஸ்மார்ட்சிடிஎல் -டி லாங்' (நீண்ட சுயசோதனை) ஓட்டுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். எஸ்டிஏ சுத்தமாக இருந்தால்தான் அதை மூலமாக நம்பலாம்.

ஈ) எஸ்டிபி3 இன்னும் (எஃப்) என்று ஒட்டிக்கொண்டிருந்தால் '--ரிமூவ்', பிறகு 'எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி1 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிபி3'. அரே ஊனமாக இருக்கும் வரை பிட்மேப் அழியாது, 11 நாளில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும். ரீ-ஆட் ஏற்கவில்லை என்றால் '--ஆட்'. அப்போது முழு டிஸ்க்கும் நகலாகும். 4 டிபி, விநாடிக்குச் சராசரி 150 எம்பி என்றால் ஏழரை மணி நேரம். டிஸ்க்கின் உள்வட்டத்துக்கு வரும்போது வேகம் பாதியாகும் என்பதால் இன்னும் கூடலாம்.

உ) ரீ-ஆட் முடிந்ததும் உடனே ஒரு செக்: /சிஸ்/பிளாக்/எம்டி1/எம்டி/சிங்க்_ஆக்‌ஷன் கோப்பில் 'செக்' என்று எழுதுங்கள். பிட்மேப் நகல் அந்தக் கெட்ட செக்டரைத் தொடாமலே போயிருக்கலாம். செக் எல்லாவற்றையும் படிக்கும். படிக்க முடியாத இடத்தை மறுபாதியிலிருந்து எடுத்து எழுதும்.

ஊ) அதன்பின் 197 மறுபடி 0 ஆகிறதா, 5 ஏறுகிறதா என்று பாருங்கள். 197 பூஜ்யமாகி 5 அப்படியே இருந்தால் அந்த டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் 5 ஏறினால் மாற்றுங்கள், 'பாஸ்டு' என்ற சொல்லை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மொத்த முடிவு தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால் மட்டுமே மாறும், பல டிஸ்க்குகள் 'பாஸ்டு' சொல்லிக்கொண்டே சாகும்.

---

பதில் 2: விடியல்ஷிஃப்ட்

மூன்றாவது கேள்விக்கு. உங்கள் ரூட் ரெய்டில் இருக்கிறது, இஎஸ்பி இல்லை. டெபியன் இன்ஸ்டாலர் கிரப்பை (பூட் லோடர்) ஒரே ஒரு இஎஸ்பியில்தான் வைக்கும், அதாவது /பூட்/ஈஎஃப்ஐயில் மவுன்ட் ஆகியிருப்பதில். எஸ்டிபி1 காலியாக இருக்கிறது. ஃபர்ம்வேர் அங்கே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நின்றுவிடுகிறது.

எஸ்டிபி1ஐ ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து /பூட்/ஈஎஃப்ஐ2ல் மவுன்ட் செய்யுங்கள். முதல் இஎஸ்பியில் உள்ளதை ஆர்சிங்க்கால் அப்படியே நகலெடுங்கள். இஎஸ்பிக்குள் இருக்கும் குட்டி கிரப் கான்ஃபிக், ரூட்டை யூயூஐடி (தனி அடையாள எண்) வைத்துத்தான் தேடுகிறது. ஆகவே எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்தாலும் எம்டி1ஐக் கண்டுபிடிக்கும், 1.2 மெட்டாடேட்டாவை கிரப்புக்குப் படிக்கத் தெரியும். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கொண்டு எஸ்டிபியின் முதல் பார்ட்டிஷனுக்கு 'டெபியன்-பி' என்று தனி பூட் என்ட்ரி. செக்யூர் பூட் போட்டிருந்தால் லோடராக ஷிம்மைக் (கையெழுத்திட்ட முதல் லோடர்) காட்டுங்கள், கிரப்பை அல்ல. சில மதர்போர்டுகள் டிஸ்க் காணாமல் போனதும் பூட் என்ட்ரியையே அழித்துவிடும். அதற்காக இரண்டு இஎஸ்பியிலும் ஈஎஃப்ஐ/பூட்/ கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொதுப்பெயரிலும் ஒரு நகல் இருக்க வேண்டும். கிரப் பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்தால் ரிமூவபிள் பாதையிலும் போடவா என்று கேட்கும். ஆம் சொல்லிவிட்டு, மறுபடி ஆர்சிங்க்.

இதோடு முடியவில்லை. எஃப்எஸ்டேபைத் (பூட்டில் மவுன்ட் செய்வதன் பட்டியல்) திறந்து பாருங்கள். /பூட்/ஈஎஃப்ஐ வரியில் எஸ்டிஏ1ன் யூயூஐடி இருக்கும். எஸ்டிஏ செத்தால் சிஸ்டம்டி அந்த யூயூஐடிக்காக 90 விநாடி காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தும். ரெய்டு நன்றாக ஓடும், சர்வர் மட்டும் ரூட் பாஸ்வேர்டு கேட்டபடி நிற்கும். திரை இணைக்காத சர்வரில் இதைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி. இரண்டு இஎஸ்பி வரிகளிலும் 'நோஃபெயில்', கூடவே 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10' சேருங்கள்.

இரண்டாவது இஎஸ்பியைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். பலர் கர்னல் போஸ்ட்இன்ஸ்ட் ஹுக்கில் ஆர்சிங்க்கை வைக்கிறார்கள். உங்கள் அமைப்பில் கர்னல் இருப்பது /பூட்டில், அதுவோ எம்டி1க்குள். இஎஸ்பி மாறுவது கிரப், ஷிம் பேக்கேஜ்கள் மாறும்போதுதான். ஆகவே ஏபிடியின் 'டிபிகேஜி போஸ்ட்-இன்வோக்' இடத்தில் வையுங்கள், இரண்டும் மவுன்ட் ஆகியிருந்தால் மட்டும் நகலெடுக்கும்படி.

சோதனை கட்டாயம். எம்டி0, எம்டி1 இரண்டும் [யூயூ] ஆன பிறகு ஷட்டவுன், எஸ்டிஏ கேபிளைக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். எழுந்ததும் மறுபடி ஷட்டவுன், கேபிளைச் செருகி, இரண்டையும் சேர்த்து ஆன் செய்யுங்கள். எஸ்டிஏவின் ஈவன்ட் எண் பின்தங்கியிருப்பதால் லாக்கில் 'நான்-ஃப்ரெஷ்' என்று சொல்லி அதை ஒதுக்கும். ரீ-ஆட் செய்துகொள்ளலாம். எஸ்டிபியில் மட்டும் ஓட்டிய பிறகு, சேர்க்காமலே எஸ்டிஏவில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். இரண்டும் தனித்தனிப் பாதையில் போய்விடும், இரண்டிலும் புதிய டேட்டா இருக்கும், எது சரி என்று எம்டியால் சொல்ல முடியாது. முதல் சோதனை முடிந்து ரீசிங்க் ஆன பிறகே அடுத்த டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

---

கேட்பவர்: நெடுநல்கணினி

இருவருக்கும் மிக்க நன்றி. பேக்கப் எடுத்தேன். எஸ்டிஏ லாங் டெஸ்ட் பிழையின்றி முடிந்தது. ரீ-ஆட் 23 நிமிடத்தில் முடிந்து [யூயூ]. செக் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிக்கல் ஒன்று: எஸ்சிடிஇஆர்சி எஸ்டிஏவில் ஏற்கப்பட்டது. எஸ்டிபியில் 'கமாண்டு நாட் சப்போர்ட்டட்' என்கிறது. எஸ்டிபியை மாற்றுவதாக இருந்தால் என்ன பார்த்து வாங்குவது, எப்படி மாற்றுவது? போர்டில் இன்னொரு சாட்டா போர்ட் காலியாக இருக்கிறது.

---

பதில் 3: இரும்புப்பெட்டி

செக் ஓடும்போதே இதைச் செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்: /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 எழுதுங்கள். டிஸ்க் சீக்கிரம் கைவிடாது என்றால் கர்னலைப் பொறுத்திருக்க வைக்க வேண்டியதுதான். கெட்ட செக்டர் எதிர்ப்பட்டால் சர்வர் இரண்டு மூன்று நிமிடம் உறைந்தது போல் இருக்கும், ஆனால் கடைசியில் படிப்புப் பிழை எம்டியின் கைக்கு வந்து சரிசெய்யப்படும்.

இந்த 180 ரீபூட்டில் போய்விடும். எஸ்சிடிஇஆர்சி அமைப்பும் பல டிஸ்க்கில் பவர் போனால் போய்விடும். பூட் ஆகும்போது ஒரு யூடெவ் விதியோ சிஸ்டம்டி ஒன்ஷாட்டோ ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதலில் எஸ்சிடிஇஆர்சி முயன்று, அது தோற்றால் 180 வைக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். புது டிஸ்க் செருகினாலும் ஓடும் என்பதால் யூடெவ் நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: எஸ்சிடிஇஆர்சி உள்ளதா, சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக) எஸ்எம்ஆரா. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும் ரீபில்டில் திணறும். அட்டைப்பெட்டியில் 'நாஸ்' என்று போட்டிருப்பது போதாது. டபிள்யூடி ரெட் வரிசையின் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020ல்தான் வெளியே தெரிந்தது, பிறகு சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வந்தது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவு பற்றிப் பலர் கேட்பார்கள். 4 டிபி டிஸ்க்குகள் பொதுவாக 7814037168 செக்டர், கம்பெனி மாறினாலும் அதேதான். என்றாலும் புதிதாகப் பிரிப்பவர்கள் கடைசியில் 100 எம்பி காலியாக விடுவது நல்லது. மாற்று டிஸ்க் ஒரு செக்டர் குறைந்தாலும் எம்டி ஏற்காது.

மூன்றாவது போர்ட் இருப்பது பெரிய வசதி. எஸ்டிபியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால் ரீபில்ட் நடக்கும் எட்டு மணி நேரமும் எஸ்டிஏ ஒன்றுதான் துணை. கழற்றாமலே மாற்றலாம். புதியது எஸ்டிசி என்று வைத்துக்கொள்வோம். முதலில் எஸ்ஜிடிஸ்க் கொண்டு பார்ட்டிஷன் டேபிளை நகலெடுங்கள். கவனம்: '-ஆர்' (ஆங்கிலப் பெரிய எழுத்து) ஆப்ஷனுக்கு அடுத்து வருவது சேர வேண்டிய டிஸ்க். அதாவது 'எஸ்ஜிடிஸ்க் /டெவ்/எஸ்டிஏ -ஆர் /டெவ்/எஸ்டிசி'. திருப்பிப் போட்டால் காலி டிஸ்க்கின் டேபிள் எஸ்டிஏ மேல் விழும். என்டர் தட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து எஸ்டிசி மேல் 'எஸ்ஜிடிஸ்க் -ஜி' (இதுவும் பெரிய எழுத்து). இல்லாவிட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஜியூஐடி இருக்கும்.

பிறகு எஸ்டிசி3ஐ எம்டி1ல் '--ஆட்' செய்தால் (எஸ்) என்று ஸ்பேராக நிற்கும். அடுத்து '--ரீபிளேஸ் /டெவ்/எஸ்டிபி3 --வித் /டெவ்/எஸ்டிசி3'. நகல் முடியும் வரை எஸ்டிபி அரேயிலேயே இருக்கும், முடிந்ததும்தான் (எஃப்) ஆகும். எம்டி0க்கும் அதே. முடிந்ததும் எஸ்டிபி2, எஸ்டிபி3 இரண்டையும் '--ரிமூவ்', பிறகு அவற்றின் மேல் '--ஜீரோ-சூப்பர்பிளாக்'. அந்த டிஸ்க் என்றாவது வேறு சர்வரில் செருகப்பட்டால் பழைய அரேயாக எழுந்து நிற்கக் கூடாது. எஸ்டிசி1ல் இஎஸ்பி நகல், பூட் என்ட்ரி, எஃப்எஸ்டேபில் புது யூயூஐடி: மேலே @விடியல்ஷிஃப்ட் சொன்னதெல்லாம் மறுபடி.

கழற்றும் முன் 'எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சீரியல்' எடுத்து, டிஸ்க் லேபிளில் உள்ள சீரியலோடு பொருத்துங்கள். எஸ்டிபி என்ற பெயர் அடுத்த பூட்டில் வேறு டிஸ்க்குக்குப் போகலாம்.

---

பதில் 4: கடைசிபிளாக்

யாரும் தொடாத நான்காவது கேள்வி. எம்டி0ல் ஸ்வாப் இருப்பதால் 256 என்பது கவலைப்பட வேண்டியதில்லை. எம்டி ஒரே பக்கத்தை இரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. இடையில் மெமரியில் அந்தப் பக்கம் மாறினால் இரண்டிலும் வேறு வேறு பதிவாகும். அந்தப் பக்கம் இனி தேவையில்லை என்று கர்னல் விட்டுவிட்டால் அந்த வித்தியாசம் அப்படியே தங்கும், யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. எம்டி1ல் எண் ஏறினால்தான் விசாரிக்க வேண்டும்: மெமரி சோதனை, கேபிள், பவர் சப்ளை.

எப்படியானாலும் கை பரபரத்து 'ரிப்பேர்' கொடுக்காதீர்கள். ரெய்டு-1ல் இரண்டு நகல் வேறுபட்டால் எது சரி என்று எம்டிக்குத் தெரியாது, செக்சம் கிடையாது. ரிப்பேர் ஒரு நகலை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும், அந்த நகல் கெட்டதாகவும் இருக்கலாம். எது சரி என்று அறிய வேண்டிய டேட்டா என்றால் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மிரர், அல்லது எம்டிக்குக் கீழே டிஎம்-இன்டெக்ரிட்டி.

இஎஸ்பியை மெட்டாடேட்டா 1.0 போட்டு ரெய்டாகவே வைக்கும் வழியும் சொல்வார்கள். 1.0ல் சூப்பர்பிளாக் கடைசியில் இருப்பதால் ஃபர்ம்வேருக்கு வெறும் ஃபேட் போலத் தெரியும், பூட் ஆகும். ஆனால் ஃபர்ம்வேர் ஒரு டிஸ்க்கில் மட்டும் எதையாவது எழுதினால் எம்டிக்குத் தெரியாமலே இரண்டும் பிரியும். மேலே சொன்ன தனித்தனி இஎஸ்பியே மேல்.

கடைசியாக, அந்த 11 நாள். அரே ஊனமானது உங்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். எம்டிஏடிஎம் கான்ஃபிக் கோப்பில் 'மெயில்அட்ரெஸ்' வரியில் ரூட் என்றுதான் இருக்கும், அந்த மெயில் சர்வருக்குள்ளேயே கிடக்கும். நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். மெயில் வெளியே போக சென்ட்மெயில் இடத்தில் ஏதாவது ஒன்று வேண்டும், சின்ன சர்வருக்கு எம்எஸ்எம்டிபி போதும். பிறகு 'எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்'. அரே ஒன்றுக்கு ஒரு மெயிலாக இரண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள், சர்வரிலிருந்து நேராக அனுப்பும் மெயில் அங்கே போய் விழுவது சகஜம்.

அதே கோப்பில் அரே வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் '--டீடெய்ல் --ஸ்கேன்' வெளியீட்டைச் சேர்த்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்கள். மறந்தால் அடுத்த பூட்டில் எம்டி1 என்பது எம்டி127 என்று எழும்.

---

கேட்பவர்: நெடுநல்கணினி

செக் முடிந்தது, 7 மணி 50 நிமிடம். எஸ்டிபியில் 197 இப்போது 0, எண் 5 இன்னும் 0. எம்டி1 மிஸ்மேட்ச் 0. லாக்கில் 'ரீட் எரர் கரெக்டட், 8 செக்டர்ஸ்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. டெஸ்ட் மெயில் இரண்டும் ஸ்பேமில் கிடைத்தன. எஸ்சிடிஇஆர்சி உள்ள சிஎம்ஆர் டிஸ்க் ஒன்றை வாங்கி ரீபிளேஸ் முறையில் மாற்றப் போகிறேன். கேபிள் கழற்றும் சோதனை அதற்குப் பிறகு.